சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் எவ்வளவு தூரம், நிற்காமல் பறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. ஒரு இடத்தில் 15,300 கிலோமீட்டர் என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 16,700 என்று இருக்கிறது, நேரமும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியின் மேற்பரப்பில் அளந்தால் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். டிக்கெட்டில் போடும் பயண நேரம் பதினெட்டரை மணியிலிருந்து பத்தொன்பது மணி வரை, சீசனுக்குத் தகுந்தபடி மாறும். 16,700 என்ற எண்ணும் பொய்யில்லை. 2018 அக்டோபரில் பக்கத்திலுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு இந்த நேரடிச் சேவை மறுபடி தொடங்கியபோது விமான நிறுவனமே அறிவித்த தூரம் அது. முதல் எண் இரண்டு ஊர்களுக்கு இடையில் உள்ள தூரம். இரண்டாவது எண், விமானம் உண்மையில் பறக்கிற தூரம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஊருக்கு ஊர் தூரம். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பூமியை இரண்டு சம பாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு அது. சிங்கப்பூர்–நியூயார்க் இந்தக் கணக்கைச் செய்துபார்க்க மிகவும் வசதியான ஜோடி, ஏனென்றால் கால்குலேட்டரில் ஒரு சைன், கோசைன் கூட அழுத்த வேண்டியதில்லை. சாங்கி கிழக்கு 104 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. கென்னடி மேற்கு 73.8 டிகிரியில். கூட்டினால் 177.8. அதாவது உலகத்தின் இந்தப் பக்கம் ஒன்று, நேர் எதிர்ப்பக்கம் மற்றொன்று. அப்படியானால் குறுகிய வழி கிட்டத்தட்ட வட துருவத்தின் தலைக்கு மேலேயே போக வேண்டும். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 டிகிரி, அங்கிருந்து துருவத்துக்கு 88.64 டிகிரி. கென்னடியின் அட்சரேகை 40.64 டிகிரி, துருவத்திலிருந்து இறங்க 49.36 டிகிரி. இரண்டையும் கூட்டினால் சரியாக 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 15,335 கிலோமீட்டர் வருகிறது. கணினி தரும் விடைக்கும் இதற்கும் ஒரு பதினைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

மற்ற ஜோடிகளுக்கு இத்தனை சுலபமாக வராது. ஹேவர்சைன் என்ற சூத்திரம் தேவைப்படும். அது பூமியை ஒழுங்கான உருண்டை என்று எடுத்துக்கொண்டு, சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிடும். உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. நடுவிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. இந்த அமுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வின்சென்டி முறை 1975-ல் வந்தது. இரண்டு முறைக்கும் நடுவே அதிகபட்சம் அரை சதவீதம் போல வித்தியாசம் வரலாம். இரண்டு இணையதளங்கள் சில பத்து கிலோமீட்டர் வேறுபட்டால் காரணம் இதுதான், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் 8,290 என்றும் 9,540 என்றும் இரண்டு எண்களைப் பார்த்தால் கவனியுங்கள். முதலாவது கடல் மைல், இரண்டாவது சாதாரண மைல். தூரம் ஒன்றேதான், அலகு வேறு. ‘மைல்’ என்று மட்டும் போட்டுவிட்டு எந்த மைல் என்று சொல்லாத பட்டியல்கள் நிறைய இருக்கின்றன.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். வடக்கு 60 டிகிரியில், உலகத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரைபடம் காட்டுகிற ‘நேர்க்கோட்டில்’ கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் 10,000 கிலோமீட்டர். துருவத்தின் மேலாகப் போனால் 6,670 கிலோமீட்டர்தான். நீண்ட தூர விமானங்கள் வரைபடத்தில் வில் மாதிரி வளைந்து போவதாகத் தெரிவது இதனால்தான். வளைவு வரைபடத்தில் இருக்கிறது, பாதையில் இல்லை.

சரி, குறுகிய வழி தெரிந்துவிட்டது. விமானம் ஏன் அதில் போவதில்லை? காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று வான்வெளி. ஒரு நாட்டின் மேல் பறக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியா வழியாகச் சுமார் ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்லாந்து விமான நிறுவனம் ஃபின்னேர், அதன் பிறகு வட துருவத்தின் மேலாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சுமார் பதின்மூன்று மணி நேரம். இரண்டு ஊர்களும் ஒரு மீட்டர் கூட நகரவில்லை, தூரம் கேட்டால் தளங்கள் இன்றைக்கும் அதே 7,800 கிலோமீட்டரைத்தான் சொல்லும். பயணிக்கு மட்டும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் கூடிவிட்டது. தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று, ஏதாவது நடந்தால் எங்கே இறங்குவது என்ற கேள்வி. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோனால், மிச்சமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும். ஈடாப்ஸ் என்று இந்த விதிக்குப் பெயர். தனி அனுமதி இல்லாவிட்டால் 60 நிமிடம்தான். நல்ல எஞ்சின்கள் வர வர 120, 180 என்று கூடி, ஏர்பஸ் ஏ350-க்கு இப்போது 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. தெற்கு அரைக்கோளத்தில் இது பெரிய விஷயம். சிட்னி–சாண்டியாகோ சுமார் 11,350 கிலோமீட்டர், அதன் பெருவட்டம் அன்டார்டிகாவை நோக்கி இறங்கிப் போகும். அந்தக் கடல் மேல் ஒதுங்க இடமே இல்லை. அங்கெல்லாம் நெடுங்காலம் நான்கு எஞ்சின் போயிங் 747 விமானங்கள் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையும் தடுக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் பைலட் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், ஏனென்றால் பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். திபெத் பீடபூமியில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட 15,000 அடியில் இருக்கிறது. இறங்க இடம் எங்கே? ஆகவே பெரும்பாலான விமானங்கள் அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கியே போகின்றன.

இத்தனையும் சொன்னாலும், நேரத்தை நாளுக்கு நாள் மிக அதிகமாக மாற்றுவது காற்றுதான்.

விமானம் தரையைப் பொறுத்துப் பறப்பதில்லை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்துப் பறக்கிறது. ஓடுகிற ஆற்றில் படகு விடுவதைப் போல. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானங்கள் அதில் 85 சதவீத வேகத்தில் பறக்கும், அதாவது காற்றுக்குள் மணிக்கு 900. இந்த 900 பெரிதாக மாறாது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நடு அட்சரேகைகளில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம். குளிர்காலத்தில் அதற்கும் மேலே போகும்.

லண்டன் ஹீத்ரோவுக்கும் கென்னடிக்கும் இடையே 5,540 கிலோமீட்டர். காற்றே இல்லாவிட்டால் 900 வேகத்தில் ஆறு மணி ஒன்பது நிமிடம். மேற்கிலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து போகும்போது தரை மேல் வேகம் 750 ஆகிவிடும், ஏழு மணி 23 நிமிடம் பிடிக்கும். திரும்பி வரும்போது 1,050, ஐந்து மணி 17 நிமிடம்தான். போக வரச் சேர்த்தால் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாமல் இருந்திருந்தால் 12 மணி 19 நிமிடத்தில் முடிந்திருக்கும். போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் முடியாது. எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள் இருக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் வேகமாகப் போவதால் அதன் உதவி கிடைக்கும் நேரம் குறைவு.

காற்று உச்சத்தில் இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் கியாரா புயல் நேரத்தில் நடந்ததைச் சொல்லலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை மேல் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை விட வேகமா என்றால் இல்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, மிச்சத்தைக் காற்று கொடுத்தது. இதனால்தான் அட்லாண்டிக் மேல் பாதைகள் நிலையாக இருப்பதில்லை. கனடாவின் கேண்டர், ஐரோப்பியப் பக்கம் ஷான்விக் ஆகிய விமானக் கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து நாளுக்கு இரண்டு தொகுப்பாகப் பாதைகளை அறிவிக்கின்றன.

இந்த இடத்தில் அடிக்கடி வரும் ஒரு சந்தேகம்: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்குத்தானே ஊர் தானாக எதிரே வந்து சேர வேண்டும்? வராது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, ரன்வேயில் நிற்கும் விமானமும் ஏற்கெனவே அதே வேகத்தில் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு முக்கியக் காரணம். சுழற்சி நேராக எதையும் செய்வதில்லை, காற்று வழியாகச் செய்கிறது.

காற்றின் கணக்கு எந்த அளவுக்குப் போகும் என்று பார்க்க டெல்லி–சான்பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். ஏர் இந்தியா முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் பறந்தது, அந்த வழியில் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாகப் பறந்தார்கள். பறந்த தூரம் 15,300 கிலோமீட்டர், பழைய வழியை விட 1,400 கிலோமீட்டர் அதிகம். நேரமோ பதினான்கரை மணிதான், அட்லாண்டிக் வழியை விட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள், சராசரி வேகம் மணிக்கு 1,055 கிலோமீட்டர் வருகிறது. சுற்று வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு ஊர்களும் உலகத்தின் எதிர்ப்பக்கங்களில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே போகும்போது பெரும்பாலும் வடக்கு பசிபிக் மேல் கிழக்கே பறக்கும். திரும்பும்போது அட்லாண்டிக்கும் ஐரோப்பாவும் கடந்து மறுபடியும் கிழக்கேயே பறக்கும் நாட்கள் நிறைய. போக வர இரண்டு தடவையும் பின்காற்று, சேர்ந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியதாகிறது. குறுகிய வழியை விட ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறப்பது இதற்காகத்தான். 16,700 என்ற எண்ணின் கதை இதுதான்.

இனி டிக்கெட்டில் இருக்கும் நேரம். அது பறக்கும் நேரம் இல்லை. விமானம் கேட்டை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் நிற்கும் நொடி வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். தாமதமாக வந்தது என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போடும். ஆகவே வானத்தில் இருக்கும் நேரம் டிக்கெட் நேரத்தை விட அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம் குறையலாம். தூரத்தைக் கொடுத்தால் நேரம் சொல்லும் தளங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. பெருவட்டத் தூரத்தை 800 அல்லது 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிச் சொல்லிவிடும். 15,350-ஐ 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் 18 மணி 33 நிமிடம் வருகிறது. இந்த ஜோடிக்கு அது பொருந்திவிட்டது. அதே கணக்கு ஹெல்சின்கி–டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதே முக்கால் மணி என்று சொல்லும், இன்றைய நிலையில் அது உதவாது.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேராகக் கழிப்பது இன்னொரு பொதுவான குழப்பம். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரில் திங்கள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி, நியூயார்க்கில் அதே திங்கள் காலை 6:30-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால் ஆறரை மணிப் பயணம் என்று தோன்றும். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கிளம்பும்போது அங்கே ஞாயிறு மதியம் 12. அதிலிருந்து எண்ணினால் பதினெட்டரை மணி நேரம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரம் ஆகிவிடும், சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நியூயார்க் மாற்றும். சர்வதேச தேதிக்கோடு குறுக்கே வந்தால் இன்னும் விசித்திரமாக இருக்கும். ஜூலையில் ஆக்லாந்திலிருந்து மாலை 7 மணிக்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினால் அங்கே அதே நாள் மதியம் 12. பாதுகாப்பான வழி, இரண்டு நேரத்தையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது.

நேரடியாகப் போவதா, நடுவே ஓரிடத்தில் இறங்கிப் போவதா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று. நடுவே இறங்கினால் தூரம் நிறையக் கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். சிட்னி–லண்டன் நேராக 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூரில் இறங்கிப் போனால் சுமார் 17,180. கூடுவது ஒரு சதவீதம் கூட இல்லை. நேரம் போவதெல்லாம் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதில்தான். மறுபக்கம், நிற்காமல் பறக்க வேண்டுமென்றால் கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளையும் முதல் மணியிலிருந்தே சுமக்க வேண்டும், அதைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். சிங்கப்பூர்–நியூயார்க் ஓடும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரத்துக்கான வகை) விமானம் 1,65,000 லிட்டர் வரை கொள்ளும். அதில் மொத்தமே 161 இருக்கைகள், எகானமி வகுப்பு கிடையாது. நேரடி டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதில் பெரும்பகுதி பதில் இருக்கிறது.

உங்கள் தேதிக்கு நம்பகமான நேரம் வேண்டுமானால், விமான எண்ணை ஃபிளைட்ரேடார்24 மாதிரியான தளத்தில் போட்டு, கடந்த சில நாட்களில் அது உண்மையில் எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பாருங்கள். பாதையும் வரைபடத்தில் தெரியும். பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பார்ப்பதானால் அதே சீசனில் பறந்த விமானங்களின் நேரத்தைப் பாருங்கள். ஜூலைக் காற்றை வைத்து ஜனவரிப் பயணத்தைக் கணக்கிட்டால், அடுத்த விமானத்தைப் பிடிக்க ஒதுக்கிய நேரத்தில் ஒரு மணி வரை குறைந்துபோகலாம்.